புது ஆளின் உயரம்

"அண்ணே, மேசையை இவ்வளவு கட்டையாக்குனா யாரு நின்னு வேலை பாக்கிறது? இடுப்பு ஒடஞ்சிரும் லா!"

தயாளன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். இத்ரீஸ் சிரிக்கவில்லை.

ஜெலுத்தோங்கில் இத்ரீஸ் குடியிருந்த வீட்டின் கார் நிறுத்தும் இடம்தான் அவருடைய பட்டறை. காரை வெயிலில் நிறுத்திவிட்டு, உள்ளே மரவேலை மேசைக்கு நிழல் கொடுத்திருந்தார். அந்த மேசையைத்தான் இப்போது கவிழ்த்துப் போட்டு, கால்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுதான் மேசையின் உயரம். இருவரும் கூடிச் செய்தபோது வைத்த கணக்கு அது. இன்று குறித்திருந்த அளவு தொடையின் பாதிக்குத்தான் வரும்.

"புது ஆளு வர்றாரு. அவருக்கு இவ்வளவு உயரம் போதும்," என்றார் இத்ரீஸ்.

"புது ஆளா? பட்டறைய வித்துட்டீங்களா?"

"விக்கல."

"அப்ப சும்மா தூக்கிக் குடுக்கிறீங்க. லீவுன்னா போதும், பாகான் டாலாம்லருந்து மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு இங்க வந்துர்றேன். என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"திங்கக்கிழமைக்குள்ள முடிக்கணும் தம்பி. பேசாம அந்தக் கட்டையப் புடி."

தயாளன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பிடித்தான். இத்ரீஸ் அளவு நாடாவைத் தொடவில்லை. ஒரே அளவுக் கட்டையை ஒவ்வொரு காலோடும் ஒட்டி வைத்து, அதன் விளிம்பிலேயே ரம்பத்தை ஓட்டினார். நாடாவை நாலு தடவை பிடித்தால் நாலு அளவு காட்டும், கட்டை மாறாது.

மேசையை நிமிர்த்தியதும் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தைக் கழற்றினார்.

"அதையும் எடுத்தா மேசை ஆடும்ணே."

"பின்னால ரெண்டா போட்டுக்கலாம். முன்னால அவருக்குக் காலியா இருக்கணும்."

"டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுஷனா அவரு? ஆளு வர்றதுக்கு முன்னாடியே இவ்வளவு உபசாரம்!"

சுவரில் ஆள் உயரத்தில் தொங்கிய ரம்பங்களும் உளிகளும் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தன. சுவிட்சும் அப்படியே. மேசையின் ஓரத்தில், மரத்தை முட்டுக்கொடுத்து இறுக்கிப் பிடிக்கும் பலகை ஒன்றைத் திருகாணி போட்டு நிறுத்தினார் இத்ரீஸ். ஒரு துண்டு மரத்தை அதில் வைத்து அறுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"இது எதுக்கு? மரத்தப் புடிக்கத்தான் நான் இருக்கேனே."

"யாரும் வராத நாள்லயும் அவரு தனியா வேலை செய்யணும்ல?"

தயாளனுக்குச் சுருக்கென்றது. "சரி. அப்ப நான் இனிமே இந்தப் பக்கம் வர வேணாம்."

இத்ரீஸின் மனைவி மர்ஜானா தட்டோடு வந்தாள். தயாளனுக்குப் பால் நுரைத்த தே தாரிக், கணவருக்குப் பாலும் சீனியும் இல்லாத தே ஓ.

"கொஞ்சம் உக்காருங்களேன்," என்றாள் கணவரிடம்.

"இன்னிக்கு நிக்கிறேன், விடு."

"அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. யாரு அந்த ஆளு? நம்பலாமா?"

"எனக்குத் தெரிஞ்சவருதான் தம்பி," என்றவள், தட்டைக்கூட எடுக்காமல் உள்ளே போய்விட்டாள்.

இத்ரீஸ் இரண்டு முக்காலிகளின் மேல் ஒரு நீளமான மெராந்திப் பலகையை வைத்தார். இழைப்புளியை அதன் ஒரு முனையில் அழுத்தி, நிற்காமல் மறுமுனைவரை நடந்தார். மரச்சுருள் அறுபடாமல் பலகையின் முழு நீளத்துக்கும் வந்து விழுந்தது. நடை தடுமாறினால் சுருள் அறுந்துவிடும். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். பலகை வழுவழுவென்று ஆகி வெகு நேரமாயிற்று; அவர்தான் விடவில்லை. தரையெல்லாம் செஞ்சுருளாகக் கிடந்தது.

பார்த்துக்கொண்டிருந்த தயாளனின் கோபம் எங்கோ போய்விட்டது.

"இவ்வளவு ஆசைய வச்சுக்கிட்டு எதுக்குண்ணே இன்னொருத்தருக்கு விடுறீங்க? அந்த ஆளு எப்ப வர்றாருன்னு சொல்லுங்க. நானே பேசிப் பாக்கிறேன்."

இத்ரீஸ் இழைப்புளியைப் பலகைமேல் மெல்லச் சாய்த்து வைத்தார்.

"செவ்வாக்கிழம என் இடது கால எடுக்கிறாங்க தம்பி, இனிப்பு நீர் வியாதி தின்னுடுச்சு. ஆறினதும் சக்கர நாற்காலியில வந்து உக்காரும்போது, இந்த மேசை எனக்கு எட்டணும்ல?"