அண்ணனின் பங்கு

தலையணை உறையை உருவியபோது மாத்திரைகள் தரையில் சிதறின. நர்ஸ் குனிந்து பொறுக்கினாள். ஆறு.

இரண்டு நாள் மருந்து அப்படியே இருக்கிறது. நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, ஆள் நகர்ந்ததும் துப்பியிருக்கிறாள்.

கட்டிலில் இருந்தவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நெஞ்சு முழுக்கச் சளி. காய்ச்சல் நூற்று மூன்றைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. மருந்து ஏன் கேட்கவில்லை என்று டாக்டர் மண்டையை உடைத்துக்கொள்கிறார். கேட்க வேண்டுமானால் அது முதலில் தொண்டைக்குள் இறங்க வேண்டுமே.

நர்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்னக்கா இது? நுரையீரல்ல கிருமி ஏறிட்டே போகுது. இன்னும் ரெண்டு நாள் இப்படியே விட்டா எங்க கையில ஒண்ணும் இல்ல."

"இந்த மாத்திரை வயித்துல இருக்கற நல்ல பாக்டீரியாவையும் சேத்துக் கொன்னுடும் இல்ல?"

ஓ, இதுதானா. பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன்பு இதே வார்டில், ஓயாத வயிற்றுப்போக்கில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் இவள். குடலில் நல்ல பாக்டீரியா பேருக்குக்கூட இல்லை. தயிர், பொடி, கேப்ஸ்யூல் எதற்கும் நோய் மசியவில்லை. கடைசியில் அண்ணன்காரரின் மலத்திலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, குழாய் வழியே இவள் குடலுக்குள் விட்டார்கள். பத்தே நாளில் எழுந்து நடந்தாள்.

அந்த அண்ணனை வார்டில் யாரும் மறக்கவில்லை. வீட்டுப் பங்குத் தகராறில் பதினோரு வருஷமாகத் தங்கையோடு முகம் கொடுத்துப் பேசாதவர். செய்தி கேட்டதும் ஓடி வந்தார். மூடி போட்ட டப்பாவை நர்ஸிடம் நீட்டி, பங்கு பங்கு என்று கேட்டாளே, கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார். அதைக் கேட்டுத் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து, பிறகு இருவருமே அழுதார்கள்.

நர்ஸ் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பயந்தவர்களைத் தேற்றுவது அவளுக்குக் கைவந்த கலை.

"போனா போகட்டும்க்கா. இன்னொரு டப்பா கேட்டா உங்க அண்ணன் மாட்டேன்னா சொல்லப்போறாரு?"

அவள் நர்ஸின் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். வயிறு அனலாகச் சுட்டது.

"லாரி மோதி ஒன்றரை மாசமாச்சு. அண்ணன்னு உசுரோட மிச்சம் இருக்கறது இங்க மட்டும்தான்."

உள்ளே ஏதோ மெல்லக் குடுகுடுத்தது. நர்ஸால் கையை எடுக்க முடியவில்லை.

தயங்கித் தயங்கியே கேட்டாள்.

"நீங்களும் போயிட்டா, அவரு எங்கக்கா இருப்பாரு?"

அவள் நர்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிற்றை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு வாயைத் திறந்தாள். இந்த முறை உண்மையாகவே விழுங்கினாள்.

மாத்திரை கொடுத்த நேரத்தை அட்டையில் எழுத வேண்டும். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது.

எத்தனையோ பேர் உயிர் போன நேரத்தைக் குறித்துப் பழகிய கைதான். இன்று பேனா நகர மறுத்தது.