தவிட்டின் கனம்

முதுகில் வெறுஞ்சாக்கை விரித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

ஆலையில் எல்லோரும் மதியச் சோற்றுக்குப் போயிருந்தார்கள். மூட்டையைத் தூக்கி ஏற்றிவிட ஒச்சுவும் சேவுகனும் மட்டும் இருந்தார்கள். இருபது வருஷக் கூட்டாளிகள்.

ஒரே ஒரு அரிசி மூட்டை. பலகை ஏறி, லாரிக்குள் போய்த்தான் இறக்க வேண்டும். அது முடிந்தால் நாளைக்கே கோணி ஊசியை வீசிவிட்டு இவர்களோடு வந்து நின்றுவிடலாம்.

கொரோனா வந்து போய் இரண்டு வருஷம். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் குழாய்க் காற்றில் கிடந்து பிழைத்தான். அதிலிருந்து உட்கார்ந்து சாக்குத் தைக்கிற வேலைதான். ஸ்கேனில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறதாம். குளித்துத் தலை துவட்டினால் மூச்சு வாங்குகிறது.

மனசுதான் காரணம் என்றார் ஒரு டாக்டர்.

மனசு என்னவோ இங்கேதான் கிடந்தது. எழுபத்தைந்து கிலோ பிடரியில் வந்து உட்காரும்போது உலகமே ஒரு கணம் வாயை மூடும். அது வேண்டும் அவனுக்கு.

கண்ணை மூடிக்கொண்டான்.

பின்னால் இருவரும் முக்கினார்கள். கொஞ்சம் அதிகமாகவே முக்கினார்கள்.

மூட்டை முதுகில் பட்டது.

தவிடு. அரிசியில் பாதிக் கனம்கூட இல்லை.

பதினேழு வயதிலிருந்து சுமந்த முதுகு. அதனிடம் போய் இந்த ஏமாற்று.

உதறிவிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பான். ஆனால் அவர்கள் பிடியை விடாமல் நின்றார்கள். சுமக்கிறவன் சொல்லாமல் கையை எடுக்கக் கூடாது. தவிட்டு மூட்டைக்கும் அந்த மரியாதை.

"விடு" என்றான்.

காலை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, அரிசிக்கு நடப்பதுபோலவே நடந்தான். அவர்கள் நடித்தார்கள். இவனும் நடித்தான்.

பாதிப் பலகையில் நடிக்கத் தேவையில்லாமல் போயிற்று.

தொடை கஞ்சியாய்த் துவண்டது. நெஞ்சு காதுக்குள் அடித்தது. மூச்சு போகிற வழியை யாரோ சணல் போட்டுத் தைத்ததுபோல. நின்றான். பலகை ஆடியது.

கீழே ஒரு சத்தமில்லை.

ஒரு அடி. பிறகு இன்னொன்று.

லாரிக்குள் மூட்டையைச் சாய்த்து, அதன்மேலேயே கவிழ்ந்தான்.

ஒச்சு ஏறி வந்தான். முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அம்புட்டுத்தான் மாப்ள. பழைய ஆளுதான்டா நீயி."

முதலில் மூச்சு வர வேண்டியிருந்தது.

சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. காய்ச்சலில் வருகிற ஈரமில்லை அது.

எழுந்திருக்காமலே சொன்னான்.

"நாளைக்கும் ஒண்ணு ஏத்துங்கடா. இதே தவிடு போதும்."