இழப்பு என்ற பத்தி

எந்த விமானம் எந்தக் குண்டோடு எந்த இலக்குக்குப் போக வேண்டும் என்று தினமும் விடியற்காலையில் கணினி கணக்குப் போட்டுச் சொல்லும். பத்து நாளாகத் தொலைதூரத்து ஆபத்தான இலக்குகள் எல்லாம் பரஞ்சோதிக்கே விழுந்தன. அதில் அவனுக்குக் கர்வம். கணக்கை எழுதிய சுகிர்தா தன் மனைவி என்பதில் இன்னும் கொஞ்சம்.

இன்று அவள் மேசையில் அந்தக் கணக்குக்கு அடிப்படையான பட்டியலைப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு விமானியின் பெயருக்கு எதிரிலும், அவன் திரும்பி வராவிட்டால் எவ்வளவு இழப்பு என்று ஓர் எண். எண் குறைந்தவனைத்தான் கணக்கு ஆபத்துக்கு அனுப்பும். இளைய விமானி நன்மாறனுக்கு ஒன்பது. இவனுக்கு மூன்று.

“இந்த நம்பரெல்லாம் யார் போட்டது?”

“நான்தான். நீங்க என் வீட்டுக்காரர். உங்களுக்கு ஒன்பது போட்டா மத்தவங்க என்ன பேசுவாங்க?”

“என்னை விடு. அவனுக்கு ஏன் ஒன்பது?”

சுகிர்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பரஞ்சோதி தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு ஓடுபாதைக்கு நடந்தான். எதிரே டீ டம்ளரோடு வந்தான் நன்மாறன். பொறாமையை மறைக்கத் தெரியாதவன்.

“இன்னைக்கும் பெரிய இலக்கு உங்களுக்குத்தானா? கொடுத்து வச்சவர் சார் நீங்க.”