கழுத்துக்கு மேலே

காலை ஆறு மணிக்கு அவன் பால் காய்ச்சினான். மகளுக்குத் தலை வாரிவிட்டான். பிறகு, மனைவி வரைந்த படத்துக்கு எதிரே கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தான்.

அது குடும்பப் படம். அதில் தன்னையும் மகளையும் அவள் வரைந்து முடித்திருந்தாள். அவன் கழுத்துக்கு மேலே வெறும் துணி. உயிரோடு இருந்தபோது, வந்து உட்காரச் சொல்லிக் கெஞ்சுவாள். நாளைக்கு என்பான். அவள் போனபின் ஒரு நாள் சும்மா உட்கார்ந்தான். மறுநாள் படத்தில் ஒரு காது இருந்தது. அன்றிலிருந்து தினமும் உட்காருகிறான்.

"இன்னைக்கு மூக்கு வந்திருக்குப்பா," என்றாள் மகள். "கோணலா இருக்கு."

"என் மூக்கே அப்படித்தான்டா."

அவளைப் பள்ளிக்கு அழைத்துப்போக மைத்துனி வந்தாள். "அக்கா கடைசியா என்ன சொன்னா, மாமா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"பாப்பாவைப் பாத்துக்கோங்கன்னா." எல்லோரிடமும் சொன்னதையே சொன்னான்.

அவர்கள் போனதும் படத்தருகே சென்றான். இப்போது கண்களும் முடிந்திருந்தன. அவை அவளையோ மகளையோ பார்க்கவில்லை. படத்தில் அவன் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் இறந்த அன்று காலையும் அப்படித்தான் பார்த்தான். அவன் செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்து அவள் கடைசியாகச் சொன்னது வேறு.

"போறதுதான் போறீங்க, அந்த மூஞ்சியை மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க."