பட்டியில் ஒன்று குறைகிறது

“ஒண்ணு குறையுது பாப்பா, கதவை அடைக்காதே!”

முதியோர் இல்லத்தின் பெரிய கூடக் கதவைச் சாத்தப் போன நர்ஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலுக்குக் குறுக்கே கைத்தடியை நீட்டிக்கொண்டு ஆட்டுக்காரர் நின்றிருந்தார்.

வாழ்நாளெல்லாம் ஆடு மேய்த்தவர். மறதி நோய் வந்து பெற்ற பிள்ளைகளின் முகம்கூட மறந்துவிட்டது, ஆடுகள் மட்டும் மறக்கவில்லை. பகலெல்லாம் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே வந்தது எத்தனை, வெளியே போனது எத்தனை என்று கணக்கு வைத்துக்கொண்டிருப்பார். பொழுது சாய்ந்ததும் பட்டியை அடைக்கணும் என்று எழுந்து வந்து, இருக்கிற ஆட்களையெல்லாம் ஆடுகளாக எண்ணுவார். “சரியா இருக்கு” என்று அவர் சொல்லிப் படுத்தால்தான் மற்றவர்களுக்கும் தூக்கம்.

“யாரு தாத்தா குறையுது?”

“பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? ஒண்ணு குறையுது.”

வேறு நாளாக இருந்தால் நர்ஸ் சிரித்திருப்பாள். போன வாரம்தான் இங்கிருக்கும் பழைய தபால்காரர், தபால் கொடுக்கப் போகிறேன் என்று யாருக்கும் தெரியாமல் வெளியேறி, லாரிக்கு முன்னால் போய் நின்றார். பிழைத்தது அவர் அதிர்ஷ்டம். வார்டன் அம்மா நர்ஸைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டார்.

“நாலு கிழத்தை மேய்க்கத் துப்பில்லை, உனக்கெல்லாம் எதுக்கு இந்த யூனிஃபார்ம்? இன்னொரு ஆள் வெளியே போகட்டும், பின்னாடியே நீயும் நடையைக் கட்டு!”

இந்த வேலையை நம்பித்தான் அவள் வீடு ஓடுகிறது. கட்டில் கட்டிலாகப் போய் எண்ணினாள். சரியாக இருந்தது. தபால்காரரை இரண்டு தடவை சேர்த்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். அப்போதும் சரியாகத்தான் இருந்தது.

“எல்லாரும் இருக்காங்க தாத்தா. வாங்க, படுக்கலாம்.”

“காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்குமே, அது எங்க?”

“தையல்காரரா? அதோ, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கிட்டிருக்கார். நெத்தியிலேயே இருக்கு.”

“அது இல்ல. இது எந்நேரமும் கத்திக்கிட்டே இருக்கும். கிட்டப் போனா முட்ட வரும்.”

“அப்போ டீச்சரம்மா. ஜன்னல் பக்கம் பாருங்க, சுவரைத் திட்டிக்கிட்டு நிக்கறாங்க.”

“உனக்கென்ன கண்ணு நொள்ளையா? அதுவும் இல்ல!” ஆட்டுக்காரரின் குரல் உடைந்தது. “இருட்டப் போகுது பாப்பா. ஒண்ணு வெளியில கிடந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?”

நர்ஸ் சட்டென்று நிமிர்ந்தாள். பகல் நேரத்தில் புதிதாக யாரையாவது சேர்த்துவிட்டு, தன்னிடம் சொல்ல மறந்துவிட்டார்களோ? வாசலுக்கு ஓடினாள்.

“அண்ணே, இன்னிக்குப் புதுசா யாராவது சேர்ந்தாங்களா?”

“எனக்கெப்படித் தெரியும் சிஸ்டர்? நானே இப்பத்தான் டூட்டிக்கு வந்தேன்” என்றார் வாட்ச்மேன். “வார்டன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க. போன் போட்டுக் கேளுங்களேன்.”

“கேட்டா, ஆளைத் தொலைச்சுட்டியான்னு உயிரை வாங்கிடுவாங்க. முதல்ல தேடுவோம்.”

தோட்டத்தில் செடிக்குச் செடி விலக்கிப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தபோது நர்ஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். உள்ளே தண்ணீர்தான் இருந்தது. வெளியே சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போக, இருவரும் தலைதெறிக்க ஓடினார்கள். சாலையில் யாரும் இல்லை.

திரும்பி வந்தால் ஆட்டுக்காரரைக் காணோம். நர்ஸுக்கு உயிரே போய்விட்டது. இருந்தவரையும் விட்டாயிற்றா?

கொல்லைப்புறத்திலிருந்து தடியால் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. சலவை அறையின் முன்னால் நின்றுகொண்டு, “ஏய்... வா வா... ஹேய்!” என்று ஆட்டைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பூட்டின ரூம் தாத்தா அது. சாவிகூட வார்டன் அம்மாகிட்டதான் இருக்கு.” அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

“சிஸ்டர், இனியும் மறைக்க முடியாது” என்றார் வாட்ச்மேன். “வெளியில போன ஆளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, வேலை மட்டுமா போகும்?”

நர்ஸ் அழுதேவிட்டாள். வேலை போனால் போகட்டும், யாரோ ஒரு கிழ உயிர் இருட்டில் தடுமாறிக்கொண்டிருக்கிறதே! என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று புரியாமலே வார்டன் அம்மாவின் எண்ணை அழுத்தினாள்.

சலவை அறைக்குள்ளிருந்து போன் மணி அடித்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மணி நிற்காமல் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வாட்ச்மேன் தோளால் மோதிய மோதலில், உள்பக்கம் பூட்டியிருந்த கதவு பெயர்ந்து விழுந்தது. உள்ளே படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, மூட்டுவலிக் காலை மடக்கியபடி வார்டன் அம்மா பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார்.

“நாடி இருக்கு!” என்று கத்தினாள் நர்ஸ். “ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க அண்ணே, சீக்கிரம்!”

ஆட்டுக்காரர் மெல்லக் குனிந்து வார்டன் அம்மாவின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு நிமிர்ந்து, போனும் கையுமாக நின்ற வாட்ச்மேனை விரலால் எண்ணினார். கடைசியாக நர்ஸின் உச்சந்தலையில் கை வைத்து, “இப்பச் சரியா இருக்கு” என்றார்.