கழுகின் மேல் கீறல்

வார்ட்வெல் ஊர் ஊராக நாணயக் கண்காட்சிகளில் தேடிய 1795-ம் வருஷத்து வெள்ளி டாலர், கடைசியில் பால்டிமோரில் கர்ட்டிஸின் பழங்காசுக் கடையில் கிடந்தது. அதன் மேல் அரத்தால் ராவியிருந்த கோடுகளை வைத்தே அடையாளம் கண்டுகொண்டார்.

"எடை சரியா வர, காசு அடிச்சவங்களே அன்னிக்கு ராவினது சார்," என்றார் கர்ட்டிஸ். "அதை யாரும் குறையா நினைக்க மாட்டாங்க."

"தெரியும்."

வார்ட்வெல் காசைத் திருப்பினார். பின்பக்கக் கழுகைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

கர்ட்டிஸ் சிரித்தார். "கழுகு மேல எவனோ ஒரு பொடிப்பய ஆணியால பேரைக் கிறுக்கி வச்சிருந்தான் சார். அந்தக் கோபத்துல முன்னாடி வச்சிருந்தவர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாராம். நான் நல்ல ஆளா பார்த்துக் கொடுத்து அந்தக் கிறுக்கலை வழிச்சு எடுத்துட்டேன். எவ்வளவு தேடினாலும் தடம் கிடைக்காது."

"தள்ளிவிட்டது நான்தான்," என்றார் வார்ட்வெல். "கிறுக்கினவன் என் பையன். அப்பதான் எழுதப் பழகினான். போன பனிக்காலத்துல காய்ச்சல்ல போயிட்டான்."

கர்ட்டிஸ் விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வார்ட்வெல் பூதக்கண்ணாடியை மறுபடியும் கண்ணில் வைத்துக் கழுகின் மேல் தேட ஆரம்பித்தார்.