பீரோ இருந்த பக்கம்

பன்னிரண்டாவது தடவையும் காற்றுதான் வந்தது.

குழலை மடியில் போட்டாள். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். புழுங்கியது. திறந்தாள். கீழே வெங்காய வண்டிக்காரன் மைக்கில் கத்தினான். மறுபடி சாத்தினாள்.

மணி மூன்றே முக்கால்.

ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும். ஐந்து நிமிட வீடியோ. வெட்டு, ஒட்டு கூடாது. வாசிப்பவரைத் தவிர வேறு ஆள் தெரியக் கூடாது. முப்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. டிசம்பர் கச்சேரிக்கு இளம் கலைஞர்களைத் தேடும் சபாவின் விதிகள் இவை.

அவளுக்கு அடுத்த மாதம் முப்பத்தைந்து முடிகிறது.

உட்கார்ந்தாள். முதுகு நேராக. தோள்கள் இறங்கி. குழல் தரைக்குச் சமமாக. புத்தக அட்டையில் போடலாம், அவ்வளவு லட்சணம்.

ஊதினாள்.

கீழ்ப் பஞ்சமம் புஸ்ஸென்றது, வெயிட் சரியாக உட்காராத குக்கர் மாதிரி.

"என்ன செசிலி, வீடு பெருசாச்சு, சத்தம் சின்னதாயிருச்சு."

கணவன்தான். ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். வீடியோ எடுப்பதற்காகவே லீவு போட்டிருந்தான். ராகத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், எனக்கு எல்லாம் ஒண்ணுதான் என்பான். கல்யாணமாகிப் பதினான்கு வருடமாக, அவள் குழலை எடுத்தால் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

 பதில் சொன்னால் சண்டையில் முடியும்.

குழலில்தான் கீறலோ என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. போனில் பழைய வீடியோ ஒன்றைத் தேடினாள். முன்பு குடியிருந்த பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எடுத்தது.

அதே குழல். சத்தம் உருண்டு திரண்டு வந்தது.

அவளைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்து, தோள் திரும்பி, குழலின் முனை தாழ்ந்து, முனையை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ.

பத்துக்குப் பத்து அறை அது. இந்தப் பக்கம் கட்டில், அந்தப் பக்கம் பீரோ. குழலை நேராகப் பிடித்தால் பீரோவில் இடிக்கும். அதனால் வளைந்தாள். மாதா கோயில் பாடல் குழுவில் சிஸ்டர் முதுகில் தட்டுவார்கள், நிமிர்ந்து உட்காரம்மா என்று. வெட்கமாக இருக்கும்.

இந்த வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடி முன் உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் கோணலை நிமிர்த்தினாள். சத்தம் மெலிந்தது. பழகினால் வரும் என்று காத்திருந்தாள்.

இப்போது வேண்டுமென்றே வளைந்து பார்த்தாள். கொஞ்சம் வளைந்தால் காற்று. கூட வளைந்தால் உதடு துளையை மூடிக்கொண்டு சத்தம் திணறியது. நடுவில் எங்கேயோ ஓர் இடம் இருக்கிறது. அது அவளுக்குத் தெரியவில்லை. பீரோவுக்குத் தெரியும்.

வீடு மாறும்போது கொடுத்துவிட்ட பீரோ மணப்பாறையில் நாத்தனார் வீட்டில் இருக்கிறது.

"பீரோ வேணுங்க," என்றாள். 

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. போனை வாங்கிப் பழைய வீடியோவைப் பார்த்தான். ஒரு பழுதைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"முனைக்கும் பீரோவுக்கும் எவ்ளோ இடைவெளி?"

"நாலு விரல்."

அவளுடைய வலப்பக்கம் வந்து, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தான்.

குழலை எடுத்தாள். முனை அவன் முதுகில் இடித்தது. தலையைச் சாய்த்தாள். தோளைத் திருப்பினாள். முனையை இறக்கினாள்.

பஞ்சமம் வந்தது. முழுசாக வந்தது.

இரண்டு பேரும் அசையவில்லை.

ஆனால் எதிரே நிறுத்தி வைத்த போனில் அவன் தெரிந்தான். அவனை விலக்கிப் படம் பிடித்தால் குழலின் பாதி போய்விடும். அவன் எழுந்து ஜன்னல் திரையைக் கழற்றி வந்து, தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏதோ மூட்டை மாதிரி இருக்கு."

"மூட்டை இருக்கக் கூடாதுன்னு விதி இல்லையே."

மின்விசிறியை நிறுத்தினாள். சத்தம் பதிவாகும். கண்ணை மூடிக்கொண்டாள். சஹானா ராகத்தை வாசித்தாள்.

முடித்தபோது மணி நாலு நாற்பது. அவன் திரையை உதறி மடித்து வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனான்.

அவள் வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். முதலில் தப்புகளைத்தான் தேடினாள். பெரிதாக ஒன்றுமில்லை.

பிறகு அவன் போர்த்தியிருந்த திரையைப் பார்த்தாள்.

அது அசைந்தது.

மின்விசிறி இல்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது.

அவள் மூச்சு எடுக்கிற இடத்தில் திரை உப்பியது. கீழ்ப் பஞ்சமத்தில் அவள் நெடுநேரம் நின்றாள். திரையும் நின்றது. அவள் விட்ட பிறகே அது தளர்ந்தது.

பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். ஓரிடம்கூடத் தவறவில்லை. ராகத்தின் அடுத்த பிடிக்கு முன்னால் அவள் மூச்சு எடுக்கப் போவது திரைக்கு முன்பே தெரிந்திருந்தது.

மணி நாலு நாற்பத்தெட்டு. கவனித்துப் பார்ப்பவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியும். தெரிந்தால் தள்ளிவிடுவார்கள்.

அவன் இரண்டு தம்ளர்களோடு வந்தான். அவள் தோளுக்கு மேலாகப் போனை எட்டிப் பார்த்தான்.

"அடடா, துணி ஆடுதே. இன்னொரு தடவ எடுத்துரு. நான் மூச்ச அடக்கிக்கிறேன்."

எடுக்கலாம். நேரம் இருந்தது.

அவள் அதையே அனுப்பினாள்.